படத்தை மடிக்கும் உரிமை

1

இந்தக் கார்த்திகையோடு நான் கனடாவில் வந்து இறங்கிப் பத்து வருடம். காலையில் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வதனிதான் இதை நினைவுபடுத்தினாள். “பத்து வருசத்திலை என்னத்தைக் கண்டனீங்கள்?” என்று கேட்டாள். நின்று பதில் சொன்னால் பஸ் போய்விடும். ஏறி இருந்துகொண்டு யோசித்துப் பார்த்தேன். கண்டதெல்லாம் கடித உறைகள்தான்.

அஜின்கோர்ட்டில் ஒரு தொழிற்சாலையில், கடித உறை மடிக்கும் இயந்திரத்தோடு எனக்கு வேலை. வங்கியில் இருந்தும் அரசாங்கத்தில் இருந்தும் வருமே, முகவரி தெரிய ஒரு சின்னச் சன்னல் வைத்த உறை, அதுதான் எங்கள் சரக்கு. உள்ளே நல்ல செய்தி போகிறதா கெட்ட செய்தி போகிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. மடித்து ஒட்டி அனுப்புவதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது.

அப்படிப்பட்ட என்னிடம், நீ ஒரு படத்தை மடித்த விதம் இன்னொருவருக்குச் சொந்தம் என்று இந்த இலையுதிர்காலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்து சொன்னது. அன்று தொடங்கிய குழப்பம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. தெளியாமலே எழுதுகிறேன். வாசிக்கிற உங்களுக்கு விளங்கினால் நல்லது.

2

வேலையால் வந்தால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு: கணினி. படித்துப் பட்டம் எடுத்துப் பழகியதல்ல. ஸ்காபரோ நூலகத்தில் புத்தகம் இரவல் எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு பழகியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்ன மென்பொருள் செய்தேன். பெயர் ‘பலகை’. இணையத்தில் தமிழில் பக்கம் போட விரும்புகிறவர்களுக்காக.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் கணினியில் நான் அழகாகத் தமிழில் எழுதி இணையத்தில் ஏற்றுவேன். பாரிசில் இருப்பவர் திறந்தால், என்னிடம் இருக்கிற எழுத்துரு அவரிடம் இருக்காது. கேள்விக்குறியும் டொலர் குறியுமாக, எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி எழுத்துகள் ஓடும். ஆகவே எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாக எடுத்து அனுப்புவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். படத்தை எந்த நாட்டுக் கணினியும் மறுபேச்சில்லாமல் காட்டும். ‘பலகை’ செய்வது அதைத்தான். தமிழில் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து படமாகும், அதைச் சுற்றி ஒரு இணையப் பக்கமும் தயாராகும்.

டிஸ்கில் போட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். கோவில் கொடியேற்றம், பழைய மாணவர் சங்கக் கூட்டம், சாப்பாட்டுக் கடையின் ஞாயிற்றுக்கிழமை விசேடம் எல்லாம் அதில் ஏறின. ஆனால் அதிகம் ஏறியது மரண அறிவித்தல். எங்கள் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நாடு.

எங்கள் பக்கங்களை வைத்திருக்க இணையத்தில் இடம் தருகிற கம்பனியிடம் இருந்து புரட்டாதியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லாரும் இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த நேரம். நானும் அதைப் பற்றித்தான் இருக்கும் என்று திறந்தேன். அரைவாசிக்கு மேல் விளங்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் துளசியைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஆங்கிலம்தான் வீடு, தமிழுக்கு விருந்தாளியாக வந்து போவாள்.

“அப்பா, நீங்கள் யூஸ் பண்ற பிக்சர் ஃபோர்மற், அதை கொம்பிரஸ் பண்ற மெதட் பேற்றன்ரட்,” என்றாள்.

“தமிழிலை சொல்லு பிள்ளை.”

“இதுதான் அப்பா என்ரை தமிழ்.”

மெல்ல மெல்ல விளங்கியது. ஒரு படம் பல்லாயிரம் சிறு புள்ளிகளால் ஆனது. அறிவித்தல் ஒன்றில் முக்கால்வாசியும் வெறும் வெள்ளை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று புள்ளி புள்ளியாகச் சொன்னால் தொலைபேசிக் கம்பி வழியே வந்து சேர வெகுநேரம் எடுக்கும். ஆகவே ஒருமுறை வந்த வரிசைக்கு ஒரு இலக்கம் கொடுத்துவிட்டு, மறுமுறை அந்த இலக்கத்தை மட்டும் சொல்லி விடுவது. உறைக்காரன் பாஷையில் சொன்னால், படத்தை மடிப்பது. நூலகப் புத்தகத்தில் பார்த்துத்தான் நானும் எழுதினேன். இது ஒருவரின் சொத்து என்று அந்தப் புத்தகம் மூச்சும் விடவில்லை. ஆனால் அந்த உத்திக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பனி காப்புரிமை எடுத்து வைத்திருக்கிறதாம். அவர்களின் அனுமதி பெறாத மென்பொருளால் செய்த படங்கள் இருக்கும் பக்கங்களை, வருடம் முடிவதற்குள் அனுமதி காட்டாவிட்டால் எடுத்துவிடுவோம் என்பதுதான் மின்னஞ்சல்.

“அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் களவெடுத்தனீங்களோ?” என்று வதனி கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தெரியாமல் எடுத்தால் களவோ?”

“அதை என்னட்டைக் கேட்டு என்ன? நான் உங்களுக்குத் தேத்தண்ணி போடலாம், மன்னிப்புத் தர ஏலாது.”

மறுநாள் றபீக் நானாவிடம் போனேன். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் உள்ள பிளாசாவில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாண ரவுணில் பிறந்தவர், எதையும் நாலுபேர் சிரிக்கச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு யோசித்தார்.

“ரெலிபோன் காட் வாங்கி ஊருக்குக் கதைக்கேக்கை நிமிசம் ஓடுது எண்டு நான் என்ன செய்யிறனான்? அவ சுகம், இவ சுகம், பெரியவன் சுகம், சின்னவள் சுகம் எண்டே சொல்லுறன்? எல்லாரும் சுகம் எண்டு ஒரு சொல்லிலை முடிக்கிறன். உதுவும் அதுதானே?”

“ஓம் நானா, கிட்டத்தட்ட அதுதான்.”

“அப்ப நானும் அமெரிக்காக்காரனைக் கேட்டுத்தான் சுகம் சொல்லோணும். நல்ல காலம், வாப்பாக்கு இந்த விசயம் தெரியாமல் மவுத்தானார்.”

நல்ல பேச்சுக் காதில் விழுந்தால் கழிந்த உறையின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். அன்றும் குறித்தேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. ஒரு கையெழுத்துக்கு, ஒரு பாட்டுக்கு உரிமை என்றால் விளங்குகிறது. சுருக்கிச் சொல்வதற்கு எப்படி? விளங்காத ஒன்றில் நான் குற்றவாளியா இல்லையா என்பதும் விளங்கவில்லை.

3

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும்.

பத்து வருடத்துக்கு முன் அகதி விண்ணப்பம் எழுத ஒரு வழக்கறிஞரின் கந்தோருக்குப் போனபோது, அங்கே மொழிபெயர்க்க இருந்த மனிதர் எனக்கு ஒரு வார்த்தை சொன்னார். “ஒண்டையும் ஒளியாதேங்கோ. நீங்கள் ஒளிச்சதை அவங்கள் பிறகு கண்டுபிடிச்சால், சொன்ன உண்மையும் பொய்யாப் போகும்.” பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், இருந்த ஒவ்வொரு வீடு, போன ஒவ்வொரு பாதை, எல்லாவற்றையும் இலக்கம் போட்டு எழுதினோம். அந்தக் கடதாசிதான் என்னை இங்கே இருக்கவிட்டது. கனடாவில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

ஆகவே காப்புரிமைக் கம்பனிக்கு நான் எழுதிய கடிதம் எப்படித் தொடங்கியது தெரியுமா? நான் பிறந்த ஊரில் இருந்து. முதலாவது பந்தி, பிறப்பு. இரண்டாவது, பெற்றோர். கணினி ஒன்பதாவது பந்தியில்தான் வருகிறது. எந்த நூலகம், எந்தப் புத்தகம், எந்த மாதத்தில் ‘பலகை’ செய்து முடித்தேன் என்பது வரை எழுதினேன். தெரியாமல் செய்தேன், மன்னிக்கவேண்டும், இனி என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் செய்கிறேன் என்று முடித்தேன். அதோடு ‘பலகை’ வாங்கிய முப்பத்தொரு பேரின் பெயர், ஊர், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியல். பட்டியலைத் தனியாக, எங்கள் தொழிற்சாலையின் சன்னல் வெட்டாத உறை ஒன்றில் போட்டு, ஒட்டி, வெளியே ‘இணைப்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பெரிய உறைக்குள் வைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன்.

திரும்பி வரும்போது நெஞ்சு காற்றாக இருந்தது. பின்னேரம் துளசி, தட்டச்சு செய்த பிரதியை மேசையில் கண்டாள்.

“அப்பா, யூ ரோல்ட் தெம் எவ்ரிபொடீஸ் நேம்ஸ்?”

“ஒளிக்கக் கூடாது பிள்ளை.”

“திஸ் இஸ் நொட் இமிகிரேஷன். இது ஒரு கொம்பனி. அவை உங்களட்டைக் கேக்கவே இல்லையே.”

கேட்காததையும் சொல்வதுதான் நேர்மை என்று பத்து வருடமாக நினைத்திருந்தவன் நான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இரக்கமும் கலந்திருந்தன. நான் பிள்ளையாகவும் அவள் என்னைப் பெற்றவளாகவும் மாறிப்போன மாதிரி.

4

பட்டியலில் உள்ளவர்களுக்குச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பலர் சிரித்தார்கள். “என்ரை கடை விலாசத்தையும் சரியாப் போட்டீரோ? ஒரு விளம்பரமாப் போகட்டும்,” என்றார் றபீக் நானா. ஒருவர், “உமக்கு வேறை வேலை இல்லையோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் கேட்டதும் நியாயம்.

பதினேழாவதாகப் புஷ்பமக்காவைக் கூப்பிட்டேன்.

புஷ்பமக்கா எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். கணவர் தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டியவர். அக்கா முன்னால் வந்து, பிறகு அவரைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. அக்காவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. மேன்முறையீடு இழுபட்டுக்கொண்டிருக்கும்போது, கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்திருந்த மனிதர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அக்காவால் போகமுடியவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. ‘பலகை’யில் நாங்கள் செய்த மரண அறிவித்தல்தான் அவர் கணவருக்குச் செய்யக்கூடியதாக இருந்த ஒரே காரியம். தில்லைநாதனின் தம்பி நோர்வேயில், தங்கை பாரிசில், எல்லாரும் அந்தப் பக்கத்தைத் திறந்துதான் அழுதார்கள். இந்த மார்கழியில் ஆண்டுத் திவசம். அன்றைக்கும் எல்லாரும் திறப்பார்கள்.

நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

“என்ரை பேரையும் போட்டனீரோ தம்பி?”

“ஓம் அக்கா.”

“விலாசத்தையும்?”

“ஸ்காபரோ எண்டு மட்டும்.”

“என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை எண்டு உமக்குத் தெரியும். ஒரு கடதாசியிலும் என்ரை பேர் புதுசா வரக்கூடாது எண்டு நான் லைபிரரிக் காட்டுக்கூட எடுக்கேல்லை. நீர் என்னெண்டால் களவுக் கடிதத்திலை கொண்டுபோய் என்னை இருத்தியிருக்கிறீர்.”

“அது அப்பிடிப்பட்ட கடிதம் இல்லை அக்கா. குடிவரவுக்கும் அதுக்கும்...”

“உமக்கு நிச்சயமாத் தெரியுமோ?”

தெரியாது. எனக்கு ஒன்றுமே நிச்சயமாகத் தெரியாது.

“அதை எடுத்துவிடும்,” என்றார். “அவற்றை அறிவித்தலை. அதிலை என்ரை பேர் கிடக்கு. இண்டைக்கே எடுத்துவிடும்.”

அன்று பின்னேரமே எடுத்தேன். ஒரு மனிதனின் கடைசி அறிவித்தலை அழிக்க ஒரு பொத்தான்தான் தேவைப்பட்டது. “உண்மையாவே அழிக்கவேணுமோ?” என்று கணினி கேட்டது. அதற்கும் ஓம் என்றேன். மறுநாள் லிப்டில் கண்டபோது அக்கா என் முகத்தைப் பார்க்காமல், இலக்கங்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

5

என்ன செய்தாலும் குற்ற உணர்ச்சி போகவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ‘பலகை’யைத் திருத்தத் தொடங்கினேன். வேறு வகைப் படமாக்கிப் பார்த்தேன். ஒரு வகையில் எழுத்தின் ஓரமெல்லாம் ஈரக் கடதாசியில் மை ஊறின மாதிரி வந்தது. இன்னொன்று புதிய வகை, நல்ல வகை, ஆனால் எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பழைய கணினிகள் பல அதைக் காட்டவில்லை. கடைசியில் பழைய வகையையே வைத்துக்கொண்டு, மடிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். சுருக்கிச் சொல்லாமல் ஒவ்வொரு புள்ளியையும் சொல்லி அனுப்புவது. அதற்கு ஒருவரின் அனுமதியும் தேவையில்லை என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். தேவை என்று இன்னொரு கட்டுரை சொன்னது. முதலாவதை நம்புவது என்று முடிவெடுத்தேன். படம் ஐந்து மடங்கு கனத்தது. கனக்கட்டும்.

ஐப்பசி முடியும் நேரத்தில் பதில் வந்தது. பெரிய உறை. எங்கள் தயாரிப்பு அல்ல, பசை ஒரு பக்கம் கூடிப்போயிருந்தது. வதனி வாசலில் நின்றே, “நீங்கள் உடையாதேங்கோ, துளசி வரட்டும்,” என்றாள். துளசி வந்து உடைத்தாள். மூவரும் நின்றபடியே வாசித்தோம்.

அன்புள்ள வாடிக்கையாளருக்கு என்று தொடங்கியது. எங்கள் தொழில்நுட்பத்தில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும். உங்கள் நிறுவனத்தின் சட்டபூர்வமான பெயர், நீங்கள் விற்கும் மென்பொருள், வருடத்துக்கு எத்தனை விற்பனை. கேட்காமல் அனுப்பப்படும் இணைப்புகளை நாங்கள் பரிசீலிப்பதில்லை, திருப்பி அனுப்புகிறோம். கையெழுத்துக்கூட அச்சடித்தது.

அதன் பின்னால் என் கடிதம். நான் பிறந்த ஊரும் பெற்றோரும் ஒன்பதாவது பந்தியும். அதன் பின்னால் ‘இணைப்பு’ என்று நான் எழுதிய சிறிய உறை.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். பத்து வருடமாக அந்த மூடியைத்தான் ஒட்டுகிறேன். ஒருமுறை திறந்து மறுபடி ஒட்டினால் ஓரத்தில் ஒரு நெளிவு வரும், எந்தக் கெட்டிக்காரனாலும் அதை மறைக்க முடியாது. நெளிவு இல்லை. ஒருவரும் திறக்கவில்லை.

“சீ, அப்பா? தே டிட்ன்ற் ஈவன் லுக்,” என்றாள் துளசி. அவளுக்குச் சந்தோசம். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அதற்குள் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது, அதை ஏன் மறைப்பான்? வாழ்க்கையில் நான் எழுதிய மிக நேர்மையான கடிதம். ஒருவரும் வாசிக்கவில்லை.

6

உறையை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். புஷ்பமக்கா கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்தார். இடைவெளியால் உறையை நீட்டினேன்.

“இதுக்குள்ளைதான் அக்கா உங்கடை பேர். போனமாதிரியே வந்திருக்கு.”

வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். மூடியின் ஓரத்தை நகத்தால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நீர் திரும்ப ஒட்டேல்லையே?”

“என்ரை வேலை உங்களுக்குத் தெரியும். நான் ஒட்டினால் உங்களுக்குத் தெரியாமல் ஒட்டுவன் எண்டு நினைக்கிறியளாக்கும். ஆனால் நான் பொய் சொல்லத் தெரிஞ்சவன் எண்டால் உந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டன்.”

அக்கா கதவைச் சாத்தினார். பிறகு சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது.

“உள்ளுக்கு வாரும். தேத்தண்ணி போடுறன்.”

உறையை அவரே வைத்துக்கொண்டார். சாமிப் படத்துக்குப் பின்னால், குடிவரவுக் கடிதங்களோடு. தேநீர் குடித்து முடிந்தபோது மெதுவாகக் கேட்டார்.

“அவற்றை அறிவித்தலைத் திரும்பப் போடலாமோ? திவசம் வருது.”

“போடலாம் அக்கா. இப்ப மடிக்காத படம். அது பிழையில்லை எண்டுதான் நினைக்கிறன்.”

“நீர் நினைக்கிறது எனக்குப் பழக்கம்,” என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. “என்ரை பேரை மட்டும் விடும்.”

“பெண்சாதியின்ரை பேர் இல்லாமல் எப்பிடி அக்கா? இன்னாரின் அன்புக் கணவர் எண்டுதானே தொடங்கும்.”

“இடத்தை விட்டுவையும் தம்பி. அந்த வரியை வெறுமையா விடும். கேஸ் முடிய நான் வந்து இருக்கிறன்.”

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். இணையம் தொலைபேசிக் கம்பியில் வருவதால், ஒருவரும் ரெலிபோனைத் தூக்கக் கூடாது என்று வதனி அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள். துளசி கணினியின் முன்னால் இருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்த அறிவித்தல் அவளுக்கு உண்மையாகவே ஒரு படம்தான். பக்கத்தைத் திறந்தாள்.

மடிக்காத படம் மேலிருந்து கீழாக, நூல் நூலாக இறங்கியது. முதலில் விளக்கு. பிறகு தில்லைநாதன் என்ற பெயரின் மேல்பாதி. பிறகு முழுப்பெயர். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதற்குக் கீழே அவருடைய வரி.

முந்தின ‘பலகை’யாக இருந்தால் அந்த வெள்ளை வரி கண் இமைக்க முன் வந்திருக்கும். இவ்வளவும் வெள்ளை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கும். அதுதானே அந்தக் கம்பனிக்குச் சொந்தமான வித்தை. இப்போது அதைச் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. வெறுமையையும் புள்ளி புள்ளியாகத்தான் அனுப்பவேண்டும். ஒரு பெயருக்கு எடுக்கிற நேரம் முழுதும் அந்த வெறும் வரிக்கும் எடுத்தது. திரையில் ஒன்றுமே மாறவில்லை.

துளசி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, இஸ் இற் ஸ்ரக்? நிண்டிட்டுதோ?”

நான் விளங்கப்படுத்த வாயெடுத்தேன். அதற்குள் புஷ்பமக்கா அவள் தோளில் கையை வைத்தார்.

“நிக்கேல்லைப் பிள்ளை,” என்றார். “அது நான். வந்துகொண்டிருக்கிறன்.”